கதவைச் சாத்தாத மனிதர்

எங்கள் கட்டடத்தின் ஆறாம் மாடியில் ஒரு வீட்டுக் கதவு பாதி நாள் சாத்தாமலே கிடக்கும். கதவுக்கும் நிலைக்கும் இடையில் கறுப்புப் பனிச் சப்பாத்து ஒன்று செருகியிருக்கும். அது அங்கே கிடந்தால் அந்த வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார் என்று அர்த்தம். மனைவி வேலை முடிந்து வந்து கைப்பையை வைத்ததும் சப்பாத்து உள்ளே போய்விடும். அதன்பிறகு அதுவும் எல்லோர் வீட்டுக் கதவையும் போல ஒரு கதவுதான்.

நாங்கள் எதிர்வீடு. கனடாவில், மோர்னிங்சைட் பக்கம் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில், அந்தச் சப்பாத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் வீட்டு மீன் பொரியல் மணம் முழுவதும் எங்கள் வீட்டுக்குள் வந்து குந்திவிடும். கட்டடத்துப் பொறுப்பாளரும் விடமாட்டார். நெருப்புப் பிடித்தால் புகை பரவும், கதவு திறந்து கிடக்கக்கூடாது என்று வந்து வந்து சொல்லுவார். இவர் "ஓகே, ஓகே, சொறி" என்று குனிந்து சப்பாத்தை எடுப்பார். பொறுப்பாளர் லிப்டுக்குள் ஏறியதும் சப்பாத்து பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஒரு நாள் நானே கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. தன் நெஞ்சில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார்.

"பிள்ளை, இவனைத் தனிய ஒரு வீட்டுக்குள்ளை விடேலாது. கதவு திறந்து கிடந்தா, ஆரும் பாத்திடுவினம் எண்டு ஒரு சின்னப் பயமாவது இருக்கும்."

அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். மெலிந்த உடம்பு, ஒழுங்காக வெட்டிய நரைத்த மீசை, ஓய்ந்திருக்கத் தெரியாத கைகள். குடித்துத் திரிந்த தன்னை அவர் 'நான்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'இவன்' என்றுதான் சொல்லுவார். இவனுக்கு வெள்ளிக்கிழமை கூடாது, இவனுக்கு வெறும் வயிறு கூடாது, இவன் நல்லாய்க் கதைக்கத் தெரிந்தவன், கதைத்தே ஆளைக் கவிழ்த்துவிடுவான் என்பார். கேட்கிறவருக்கு, வீட்டில் யாரோ அடங்காத தம்பி ஒருவனைக் கட்டி மேய்க்கிறார் என்று தோன்றும்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் ஒன்றுக்கு வாரம் தவறாமல் போய்வந்தார். அங்கே ஒருவருக்கும் முழுப் பெயர் கிடையாது. அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் ஆட்கள் என்றால் எந்த ஊர், எந்தக் கோயிலடி, யாருடைய மகன் என்று எல்லாம் விசாரித்து முடித்தபிறகுதான் தேத்தண்ணியைக் கையில் தருவார்கள், அங்கே போனவுடனேயே கோப்பியைத் தந்துவிடுகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். ஆகவே இங்கேயும் அவருக்குப் பெயர் வேண்டாம்.

என் அப்பாவும் குடிகாரர்தான். குடித்த மறுநாள் காலையில் என் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணுவார். அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவார். அவர் பண்ணிய சத்தியங்களுக்கு என் தலை இன்னும் கழுத்தில் இருப்பதே பெரிய காரியம். அதனால் குடியை விட்டுவிட்டேன் என்று யார் சொன்னாலும் நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளுகிற ஆள். இவர் சத்தியமே பண்ணமாட்டார். ஒரு முறை காரில் வரும்போது, இனிமேல் குடிக்கமாட்டீர்கள்தானே என்று வாய்விட்டே கேட்டேன். 

"தெரியாது பிள்ளை. இண்டைக்கு இல்லை."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர் மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

இருவரும் ஒரே பாண் சுடுகிற தொழிற்சாலையில்தான் வேலை செய்தோம். காலையில் என் காரில்தான் வருவார். முதலில் அவர் மாக் குழைக்கிற பகுதியில் நின்றவர். நல்ல இடம், குளிர் இல்லை, தூக்கிப் பறிக்கிற வேலையும் இல்லை. குடியை விடுவதற்காகப் போயிருந்த மறுவாழ்வு நிலையத்திலிருந்து திரும்பி வந்து கொஞ்ச நாளிலேயே மேலாளரிடம் போய், தன்னைக் குளிர் அறைப் பக்கம் மாற்றிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எல்லோரும் தப்பியோடுகிற இடம் அது. தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மூக்கிலிருந்து நீர் வடிய வடியப் பெட்டி அடுக்க வேண்டும். இந்த மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்று எங்கள் பகுதியில் சிரித்தார்கள். ஈஸ்ட் போட்ட மா பெரிய தொட்டிகளில் புளித்துப் பொங்கும்போது வருகிற மணம் பியர் மணம் போலவே இருக்கும் என்று அவர் சொல்லும்வரை எனக்கும் விளங்கவில்லை. அதே தொட்டிகளுக்குப் பக்கத்தில் நான் எத்தனையோ வருடம் நின்றிருக்கிறேன். எனக்கு அது பாண் மணம் மட்டும்தான்.

வீட்டிலும் அதே கதைதான். தோசைக்கு அரைத்து வைத்த மாப் புளிக்கத் தொடங்கினால் எழும்பி வெளியே போய்விடுவார். ஊரில் கள்ளு விட்டுப் புளிக்க வைத்துச் சுட்ட அப்பம் என்றால் ஒரு காலத்தில் அவருக்கு உயிராம். அதை அடியோடு விட்டுவிட்டார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், நல்ல கைப்பக்குவம் உள்ள மனுசி. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீட்டில் புட்டும் இடியப்பமும் மட்டும்தான் என்றாகிவிட்டது. கலியாண வீடுகளில் சின்னப் பெட்டியில் தருகிற கேக்கைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார். அதில் பிராண்டி விட்டிருப்பார்கள். பெட்டியைத் திறக்காமலே என் கையில் தந்துவிடுவார். அந்த வகையில் அவரால் நான் ஒரு சுற்று பருத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில்தான் அவருக்கு மிகவும் கஷ்டம். வேலை முடிந்து, குளித்து, மறுநாள் லீவு என்கிற அந்த நேரம். அக்காவுக்கு வெள்ளிக்கிழமைகளில் பின்னேர வேலை. அப்போது இவர் ஒரு சட்டியும் கத்தியும் எடுத்துக்கொண்டு ஆறாம் மாடியில் ஒவ்வொரு தமிழ் வீடாகக் கதவைத் தட்டுவார். உரிக்கிறதுக்கு வெங்காயம் இருக்கிறதா என்று கேட்பார். சின்ன வெங்காயம் உரித்துத் தருகிறேன் என்று ஓர் ஆம்பிளை வந்து வாசலில் நின்றால் யார் வேண்டாம் என்பார்கள்? எங்கள் மாடியில் எந்தப் பெண்ணும் அந்தக் காலத்தில் சனிக்கிழமைச் சமையலுக்கு வெங்காயம் உரித்ததில்லை. அவர் தன் வீட்டு வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, சப்பாத்துக்குப் பக்கத்தில் இருந்து, கண்ணீர் வழிய வழிய உரித்துக்கொண்டிருப்பார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பகிடி விடுவார்கள். அவரும் சிரிப்பார். சில வெள்ளிக்கிழமைகளில் அது வெங்காயத்துக்கு வந்த கண்ணீர் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நான் கேட்டதில்லை.

அவர் மறுவாழ்வு நிலையத்துக்கு இரண்டு தரம் போனவர். அது நகரத்துக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில் இருந்தது. வட்டமாகக் கதிரை போட்டு எல்லோரையும் இருத்திக் கதைக்கச் சொல்லுவார்களாம். இவருடைய இங்கிலீஷ் தொழிற்சாலைக்கும் பஸ்ஸுக்கும் காணும், நெஞ்சில் இருப்பதைச் சொல்லக் காணாது. ஒரு நாள் அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர், உன்னுடைய மொழியிலேயே சொல்லு என்றாராம். இவர் தமிழில் கதைத்திருக்கிறார். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் ஒருவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கடைசியில் ஒரு பெரிய தாடிக்காரன் எழும்பி வந்து கட்டிப்பிடித்தான் என்று சொன்னார். எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லுகிற ஒவ்வொரு சொல்லும் விளங்கும், அதுதான் கரைச்சல் என்றும் சொன்னார்.

அந்தக் கரைச்சலின் முதல் ஆள் அவருடைய சொந்த அண்ணர். அண்ணரைப் பற்றி நான் கெடுதலாக எழுத முடியாது. நல்ல மனிதர். தம்பியை ஊரிலிருந்து கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டவர். நிலையத்துக்கு இரண்டு தரமும் தன் காரில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். ஆனால் அவருக்கு ஒரு விசயம் கடைசிவரை மண்டையில் ஏறவில்லை. குடியை விடுவது வேறு, மரியாதைக்கு ஒன்று எடுப்பது வேறு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நம்மில் பாதி ஆம்பிளைகள் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

முதல் தரம் நிலையத்திலிருந்து திரும்பி வந்து, ஒழுங்காய் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணரின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வந்தது. பெரிய மண்டபம், பூ அலங்காரம், பல்லக்கு எல்லாம். உள்ளே பெண்கள் ஆரத்தி எடுத்துக்கொண்டிருக்க, ஆம்பிளைகள் ஒவ்வொருவராக நழுவிக் கார் நிறுத்துகிற இடத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு காரின் டிக்கி திறந்திருக்கும், பிளாஸ்டிக் கப்புகள் இருக்கும். இது எங்கள் எல்லா விழாவிலும் நடக்கிற இரண்டாவது விழா. அண்ணர் தம்பியின் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனாராம். இது என்னுடைய பிள்ளையின் நாள், எனக்காக ஒரு சொட்டு வாயில் வை என்று கண்கலங்கிக் கேட்டாராம். தாய்மாமன் இங்கே இல்லை, சித்தப்பன் நீதான் எல்லாம் என்றாராம். இவர் ஒரு சொட்டு வைத்தார்.

பிறகு நடந்ததை அக்கா என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுவதும் குடியிலேயே போய்விட்டது. கடைசியில் ஒரு நாள், அக்கா வேலையால் வந்து பார்க்கும்போது குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. தீயணைப்புப் படை வந்து கதவை உடைத்தபோது, இவர் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில், தலை உடைந்து, போத்தலைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று சொன்னார்களாம். உடைந்த கதவுக்குப் புதுக்கதவு போட்டார்கள். அதையும் அவர் பிறகு ஒரு நாளும் முழுதாகச் சாத்தியதில்லை. குளிக்கும்போது பாட்டுப் பாடுவார், தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். சுதியும் இல்லை, தாளமும் இல்லை. உயிரோடு இருக்கிறேன் என்று வீட்டுக்கு அறிவிக்கிற பாட்டு அது.

இரண்டாவது தரம் வந்த பிறகுதான் நான் மேலே சொன்ன மனிதர் ஆனார். விழாக்களுக்குப் போவார், ஆனால் வாசலுக்குப் பக்கத்து மேசையில்தான் இருப்பார். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்கில் மல்லித்தண்ணி. கை வெறுமையாக இருந்தால்தான் மற்றவன் கிளாஸ் நீட்டுவான் என்பார். சாப்பாடு முடிந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் எழும்பிவிடுவார். திமிர் பிடித்தவன், சொந்தங்களை மதிக்காதவன் என்று பெயர் வாங்கினார். லிப்டில் யாராவது பியர் பெட்டியோடு ஏறினால் இவர் இறங்கிப் படியால் ஏறி வருவார். பக்கத்துப் பிளாசாவில் மதுக்கடை இருக்கிறது. பஸ் தரிப்பிடம் அதற்கு நேர் முன்னால். நான் வேலைக்கு வராத நாட்களில் இவர் அந்தத் தரிப்பிடத்துக்குப் போகமாட்டார். வீடுகளுக்குள்ளால் பெரிய சுற்றுச் சுற்றி, அதற்கு முந்தின தரிப்பிடத்தில் போய் ஏறுவார். காரிலும் அப்படித்தான். முந்தின சந்தியிலேயே திருப்பச் சொல்லுவார். முதலில் முணுமுணுத்தேன். பிறகு என் கார் தானாகவே அந்தச் சந்தியில் திரும்பப் பழகிவிட்டது.

ஒரு நத்தார்க் காலத்தில் நடந்ததை மறக்க முடியாது. மேல்மாடிக்குப் புதிதாக வந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று எல்லா வீட்டுக் கதவிலும் ஒரு பரிசுப் பையைத் தொங்கவிட்டிருந்தது. பாவம், அவர்களுக்கு இவர் கதை தெரியாது. பின்னேரம் போல் என் கதவு தட்டப்பட்டது. இவர் நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. கையில் சட்டியும் இல்லை, கத்தியும் இல்லை.

"பிள்ளை, ஒருக்கா வாறீங்களே. எங்கடை வீட்டை ஒராள் வந்திருக்கு."

அக்காவுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று ஓடினேன். வீட்டில் ஒருவரும் இல்லை. சாப்பாட்டு மேசையில், கிழித்த வர்ணக் கடதாசிக்கு நடுவில் ஒரு வைன் போத்தல் நின்றது. திறக்கவில்லை. ஆனால் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு கத்தி கிடந்தது. எவ்வளவு நேரம் அவர்கள் இருவரும் அப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களோ தெரியாது. நான் அதை எடுத்துத் திறந்து குசினித் தொட்டியில் ஊற்றினேன். அவர் உள்ளே வரவில்லை. வெளியே நடைவழியில், சுவரைப் பார்த்தபடி, நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர்க் குழாயைக் கனநேரம் திறந்து விடச் சொன்னார். மணம் போகும்வரை விட்டேன். நான் வெளியே வந்தபோதும் அவர் நெற்றியைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. எத்தனையோ வருடம் ஆகியும் இப்படியா என்று எனக்குப் பயமாகவே இருந்தது. குடியை விடுவது ஒரு நாள் வேலை என்றும், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்திருந்தேன். ஒரு மனிதர் ஒவ்வொரு நாளும் புதிதாய்ப் பிடித்து நிற்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

கடந்த மாசியில் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. முதல் நாள் முழுவதும் பனி கொட்டியிருந்தது. காலையில் அவர் கதவடியில் நின்று, சுகமா, ஏதும் வேணுமா என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார். பிளாஸ்க் கையில் இருந்தது. வீடுகளுக்குள்ளால் போகிற அந்தச் சுற்றுவழியில் நடைபாதை ஒன்றும் அன்றைக்குத் துப்புரவாக்கியிருக்கவில்லை, முழங்கால் அளவு பனி. பிளாசாப் பக்கம் மட்டும்தான் வழித்திருந்தார்கள். அவர் பிளாசாப் பக்கத்தால் போயிருக்கிறார். மதுக்கடைக்கு முன்னால், பஸ் தரிப்பிடத்தில் விழுந்துவிட்டார். நெஞ்சுவலி. அம்புலன்ஸ் வந்தபோதே முடிந்துவிட்டதாம்.

ஆஸ்பத்திரியில் இருதயம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் செத்தவீட்டுக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு அது காணாது. எங்கே விழுந்தாராம் என்று ஒருவர் கேட்பார். கடைக்கு முன்னால் என்று இன்னொருவர் சொல்லுவார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுவார்கள். அந்தப் பார்வையை நான் பிரேதம் வைத்திருந்த மண்டபத்தில் வரிசை வரிசையாகப் பார்த்தேன். அந்த நேரம் கடை திறந்திருக்கவே இல்லை என்று ஒருவரிடம் சண்டைக்கே போனேன். திறக்கும்வரை நின்றிருப்பார் தங்கச்சி என்றார் அவர், மிகவும் இரக்கத்தோடு. எனக்கு அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. அண்ணர் ஒரு மூலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். அவரும் அதை நம்பிவிட்டார் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அதைவிட மோசமானது, அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டது.

"தங்கச்சி, கடை பூட்டியிருந்தது எனக்கும் தெரியும். ஆனா அவர் ஒருநாளும் அந்தப் பக்கத்தாலை போறேல்லையே. நீர் என்ன நினைக்கிறீர்?"

பனிக்காகத்தான் போயிருப்பார் என்று சொன்னேன். சொல்லும்போதே என் அப்பா நினைவுக்கு வந்து என் குரல் கொஞ்சம் தடுமாறியது. அக்கா அதைக் கவனித்துவிட்டார். இத்தனை வருடம் அந்த மனிதர் கட்டி வைத்த நம்பிக்கை ஒன்று, செத்துக் கிடக்கும்போது இப்படி எங்கள் எல்லோருடைய கையிலும் ஆடிக்கொண்டிருந்தது. அவரால் எழும்பி வந்து நின்று, இண்டைக்கு இல்லை பிள்ளை என்று சொல்ல முடியாது.

பிறகு எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வந்தது. செத்தவருக்குப் பிடித்த சாப்பாட்டையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே காத்து நிற்பது எங்கள் வழக்கம். எட்டு என்று பெயர் இருந்தாலும் இங்கே அது சனிக்கிழமைக்குத்தான் வரும். காலையிலிருந்து நானும் அக்காவும் அவர்கள் வீட்டுக் குசினியில் நின்றோம். சின்ன வெங்காயத்தை நான்தான் உரித்தேன். நெருப்பு மணி அடிக்காமல் இருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டினார்கள். சோறு, மரக்கறி, மீன் பொரியல், ஆட்டிறைச்சி, புட்டு, இடியப்பம். அக்கா அவருடைய பிளாஸ்கில் மல்லித்தண்ணி நிரப்பி வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அண்ணர் ஒரு கடதாசிப் பையோடு வந்தார். அதற்குள் இருந்து ஒரு விஸ்கிப் போத்தலையும் புதுக் கிளாஸ் ஒன்றையும் எடுத்தார். விலைகூடின சாமான். குடிக்கிறவர்கள் செத்தால் படையலில் போத்தலும் வைப்பதுதான் எங்களில் முறை. அவர் மூடியைத் திருகி, கிளாஸ் நிறைய ஊற்றி, படத்துக்கு முன்னால் நடுவில் வைத்தார். மாப் புளிக்கிற மணத்துக்கே எழும்பிப் போன மனிதரின் அறை முழுவதும் அந்த மணம் பரவியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எத்தினை வருசம் வாயைக் கட்டிக்கொண்டு திரிஞ்சவன்," என்றார் அண்ணர். "இனி ஆர் அவனைப் பேசப்போறது. ஆசை தீரக் குடிக்கட்டும்."

அவர் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவரை நான் எப்படித் திட்டுவது? அந்த மனிதருக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்தோம். அண்ணர் அறைக் கதவைச் சாத்தினார். பூட்டு விழுந்த சின்னச் சத்தம் கேட்டது. நாங்கள் விறாந்தையில் காத்து நின்றோம். உள்ளே அவரும் அந்தக் கிளாஸும் மட்டும். அது மூட நம்பிக்கை, படத்துக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.  அக்காவைப் பார்த்தேன். அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு, ஒரு கையால் மற்றக் கையின் விரல்களை முறித்துக்கொண்டு நின்றார். அன்றொரு நாள் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி வீங்கிய கைகள் அவை.

திடீரென்று அவர் வாசலுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் அவருடைய சாமான்களைப் போட்டுத் தந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து, ஒரு கறுப்புப் பனிச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ரோட்டு உப்பு அதில் வெள்ளையாய்க் காய்ந்திருந்தது. அறைக் கதவைத் திறந்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அதைச் செருகினார்.

அண்ணர் பதறிப்போனார். கதவு திறந்து கிடந்தால் அவன் வந்து சாப்பிடமாட்டான் என்றார்.

"சாத்திக் கிடந்தா அவருக்கு ஏலாது அத்தான்," என்றார் அக்கா அண்ணரிடம். "அதோடை அவரைத் தனிய விடேலாது."

 கதவிடுக்கால் கற்பூர மணமும் மீன் பொரியல் மணமும் வந்துகொண்டிருந்தன. வழக்கமாக நிற்கிற நேரத்தைவிடக் கூடுதலாகவே நின்றோம் என்று நினைக்கிறேன். பிறகு அக்காதான் முதலில் உள்ளே போனார். நானும் அண்ணரும் பின்னால் போனோம். சோற்றில் வைத்த குழம்பு ஆடை கட்டியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கிளாஸின் விளிம்பில், விஸ்கி நின்ற மட்டத்தில் விரலை வைத்தார். 

"வடிவாப் பாருங்கோ அத்தான். ஊத்தினபடியே கிடக்கு. அவர் தொடேல்லை."

அண்ணர் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றவர், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, சின்னப் பிள்ளை போல் அழத் தொடங்கினார்.

செத்தவர்கள் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவின் தலைச் சத்தியங்களுக்குப் பிறகு நான் எதையும் இலேசில் நம்புகிற ஆளும் இல்லை. ஆனாலும் நானும் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, குனிந்து, அந்தக் கிளாஸை வடிவாகப் பார்த்தேன். உண்மைதான். அவர் தொடவில்லை.